கப்பல் கரையில் நிற்கும் அந்தச் சில மணி நேரம்: பினாங்கு, லங்காவி, புக்கெட்டில் எப்படிச் சுற்றுவது?

சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் கப்பலுக்குப் பணம் கட்டி முடித்த பிறகுதான் பலருக்கும் உண்மையான குழப்பம் தொடங்குகிறது. கேபின் முடிவாகிவிட்டது. சாப்பாடு கட்டணத்திலேயே அடங்கிவிடும். ஆனால் கப்பல் மலேசியாவின் பினாங்கிலோ லங்காவியிலோ, தாய்லாந்தின் புக்கெட்டிலோ நிற்கும் நாளில் என்ன செய்வது? கப்பல் நிறுவனமே நடத்தும் கரைச் சுற்றுலாவில் சேர்வதா, இறங்கி நாமே ஒரு வண்டி பிடிப்பதா, கால்நடையாகவே பார்ப்பதா, அல்லது இறங்காமல் கப்பலிலேயே இருந்துவிடுவதா? வாசகர்கள் பலர் இதே கேள்வியைத்தான் வெவ்வேறு விதமாகக் கேட்டிருக்கிறார்கள்.

இந்த வழித்தடத்தில் நான் மூன்று முறை போயிருக்கிறேன். முதல் முறை நண்பர்களோடு, அடுத்த முறை 72 வயது அம்மாவையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு, கடைசியாகத் தனியாக. மூன்று முறையும் வேறு வேறு முடிவுகள் எடுத்தேன். அதில் ஒன்று எனக்குத் தெளிவாகப் புரிந்தது. எல்லாத் துறைமுகத்துக்கும் ஒரே வழி என்று முடிவு செய்துகொண்டு போவதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு. ‘நாங்கள் எப்போதுமே கப்பல் சுற்றுலாவில்தான் போவோம்’ என்பவர்கள் பினாங்கில் பணத்தை வீணாக்குகிறார்கள். ‘நாங்கள் எப்போதுமே சொந்தமாகத்தான் சுற்றுவோம்’ என்பவர்கள் புக்கெட்டில் நெஞ்சு படபடக்கக் கரையில் ஓடுகிறார்கள். கப்பல் எங்கே கட்டப்படுகிறது, அங்கிருந்து ஊர் எவ்வளவு தூரம் என்பதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

## எதை வைத்து எடைபோடுவது?

கையில் உண்மையிலேயே எத்தனை மணி நேரம்? அட்டவணையில் காலை 9 முதல் மாலை 6 வரை என்று போட்டிருந்தால் ஒன்பது மணி நேரம் கிடைக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். கப்பல் கட்டப்பட்டு, உள்ளூர் அதிகாரிகள் அனுமதி கொடுத்து, இறங்குபாலம் திறக்கவே அரை மணி முதல் முக்கால் மணி வரை ஆகும். எல்லோரும் கப்பலேறிவிட வேண்டிய கடைசி நேரம் புறப்படும் நேரத்துக்கு அரை மணியோ ஒரு மணியோ முன்னதாக இருக்கும். அதற்கும் அரை மணி முன்னதாகவே துறைமுகத்துக்கு வந்துவிடுவது நல்லது. ஆக, ஒன்பது மணி நேரம் ஏழாகச் சுருங்குகிறது. படகில் கரை சேர வேண்டிய இடமாக இருந்தால் ஆறு.

கப்பல் காத்திருக்குமா? கப்பல் நிறுவனத்தின் சொந்தச் சுற்றுலாப் பேருந்து போக்குவரத்தில் மாட்டிக்கொண்டால் கப்பல் காத்திருக்கும். நீங்கள் பிடித்த வாடகைக் கார் மாட்டிக்கொண்டால் காத்திருக்காது. கப்பல் சுற்றுலாவுக்குக் கொடுக்கும் கூடுதல் பணத்தில் பெரும்பகுதி இந்த ஒரு உறுதிக்காகத்தான்.

கட்டணம் தலைக்கா, வண்டிக்கா? கப்பல் சுற்றுலாவுக்குத் தலைக்கு இவ்வளவு என்று வாங்குவார்கள். வாடகைக் காருக்கு வண்டிக்கு இவ்வளவு என்று கணக்கு. தனி ஆளாகப் போகிறவருக்கும் ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கும் கணக்கு நேர்மாறாக வருவது இதனால்தான்.

கூட யார் வருகிறார்கள்? படியேற முடியாதவர், மதியம் தூங்கியே ஆக வேண்டிய குழந்தை, மீன் சாஸ் கலந்த உணவைத் தொடாதவர் என்று ஒருவர் இருந்தாலும் திட்டம் மாறிவிடும். இதை மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் யோசியுங்கள்.

## வழி 1: கப்பல் நிறுவனத்தின் கரைச் சுற்றுலா

காலையில் கப்பலின் அரங்கத்தில் கூடச் சொல்வார்கள். சட்டையில் எண் ஒட்டுவார்கள். உங்கள் எண்ணைக் கூப்பிட்டதும் வரிசையாக இறங்கிப் பேருந்தில் ஏற வேண்டியதுதான். வழிகாட்டி, நுழைவுச்சீட்டு, திரும்பும் வண்டி எல்லாம் அவர்கள் பொறுப்பு. துறைமுகத்துக்கே போக முடியாமல் கப்பல் திசைமாறினால் கட்டிய பணம் திரும்பி வந்துவிடும்.

வெளியில் தெரியாத செலவு பணத்தைவிட நேரத்தில்தான் அதிகம். நாற்பது பேர் போகும் பேருந்தில் ஒருவர் கழிப்பறையிலிருந்து வரத் தாமதமானால் நாற்பது பேரும் காத்திருக்க வேண்டும். பத்திக் துணிக்கடை, நகைக்கடை, முந்திரிக் கடை என்று எங்காவது ஒரு நிறுத்தம் செருகப்பட்டிருக்கும். அதில் முக்கால் மணி போய்விடும். முன்பதிவு செய்வதற்கு முன் நிகழ்ச்சிநிரலில் ‘கடைவீதி’, ‘உள்ளூர்த் தயாரிப்பு’ போன்ற சொற்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். மதிய உணவு சேர்ந்ததா, சைவம் உண்டா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

துறைமுகத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்கும் மேல் பயணம் செய்ய வேண்டிய இடம், இன்னொரு படகில் ஏற வேண்டிய தீவு, தனியாகப் பயணிக்கும் ஒருவர், வெளிநாட்டில் இறங்குவதே முதல் முறை என்னும் தம்பதி. இந்த நான்கு நிலைகளிலும் தயங்காமல் இதையே எடுங்கள்.

## வழி 2: நாமே வண்டி பிடிப்பது, அல்லது உள்ளூர்ச் சுற்றுலா

மூன்று பேருக்கு மேல் இருந்தால் செலவில் இதுதான் வெல்லும். நாம் விரும்பும் இடத்தில் நிற்கலாம். அம்மாவுக்குக் களைப்பு என்றால் உடனே திரும்பிவிடலாம். பினாங்கிலும் லங்காவியிலும் புக்கெட்டிலும் வாடகைக் காரைக் கைப்பேசியில் அழைக்கும் கிராப் செயலி வேலை செய்கிறது. கட்டணம் முன்பே திரையில் தெரிந்துவிடுவதால் பேரம் பேசும் வேலை இல்லை.

ஆனால் அதற்குக் கைப்பேசியில் இணையம் வேண்டும். இங்கேதான் எதிர்பாராத செலவு ஒன்று காத்திருக்கிறது. நடுக்கடலில் இருக்கும்போது உங்கள் கைப்பேசி கப்பலுக்குள் இருக்கும் கடல்வழி அலைவரிசையைத் தானாகவே பிடித்துக்கொள்ளும். சாதாரண ரோமிங் திட்டம் அதற்குச் செல்லாது. கட்டணம் கூரையைப் பிய்த்துக்கொண்டு போகும். சிங்கப்பூர்க் கரை மறைவதற்கு முன்பே விமானப் பயண நிலைக்கு மாற்றிவிட்டு, துறைமுகத்தில் இறங்கிய பிறகு மட்டும் திறந்துவிடுங்கள்.

இணையத்தில் முன்பதிவு செய்யும் உள்ளூர்ச் சுற்றுலாக்கள் கப்பல் சுற்றுலாவைவிட மலிவு, கூட்டமும் குறைவு. ஆனால் கப்பல் வராமலே போனால் பணம் திரும்புமா என்பதை எழுத்தில் பார்த்த பிறகே பணம் கட்டுங்கள். காற்றும் அலையும் காரணமாகக் கப்பல் ஒரு துறைமுகத்தைத் தவிர்ப்பது அபூர்வமல்ல.

## வழி 3: நடையும் பேருந்தும்

துறைமுகம் ஊருக்குள்ளேயே இருந்தால் இதற்கு இணையான வழி வேறு இல்லை. ஊருக்கு வெளியே இருந்தால் இது வழியே இல்லை. மூன்று துறைமுகங்களில் பினாங்கில் மட்டும்தான் இதை நம்பி இறங்கலாம்.

## வழி 4: கப்பலிலேயே இருந்துவிடுவது

‘பணம் கட்டி வந்துவிட்டு இறங்காமல் இருப்பதா?’ என்று கேட்பவர்கள் அதிகம். நான் அப்படி நினைக்கவில்லை. முக்கால்வாசிப் பேர் இறங்கிப் போய்விட்ட கப்பலில் நீச்சல் குளம் காலியாக இருக்கும். சறுக்கில் வரிசை இருக்காது. சாப்பாட்டுக்கூடத்தில் ஜன்னலோர மேசை கிடைக்கும். சாப்பாட்டுக்கு ஏற்கெனவே பணம் கட்டியாகிவிட்டது. துறைமுகத்தில் நிற்கும்போது தீர்வையில்லாக் கடைகளை மூடிவைப்பார்கள், அதனால் கை தானாக அடங்கும். மூன்று நிறுத்தங்கள் உள்ள பயணத்தில் சிறு குழந்தையோ வயதானவரோ ஒரு நிறுத்தத்தில் இளைப்பாறுவது அடுத்த இரண்டு நாளையும் காப்பாற்றும். எந்த நிறுத்தத்தைத் தவிர்ப்பது என்பதில்தான் சாமர்த்தியம் இருக்கிறது. படகில் இறங்க வேண்டிய நிறுத்தம் அதற்குப் பொருத்தமானது.

## ஒரே பார்வையில்

| | பினாங்கு | லங்காவி | புக்கெட் (பாத்தோங் கடற்கரை) |
|---|---|---|---|
| கப்பல் நிற்கும் இடம் | ஊரின் நடுவே | தீவின் தென்மேற்கு முனை, ஊர் இல்லை | கடலில் நங்கூரம், படகில் கரைக்கு |
| நடந்தே பார்க்க | மிகப் பொருத்தம் | முடியாது | கடற்கரை மட்டும் |
| நால்வர் குடும்பத்துக்கு | நடை, தேவைப்பட்டால் கிராப் | மணிக்கணக்கில் வாடகைக் கார் | அருகில் மட்டும் என்றால் சொந்தமாக |
| கப்பல் சுற்றுலா எப்போது? | கொடிமலை (பினாங்கு மலை), விடுமுறைநாள் கூட்டம் | கிலிம் அலையாத்திக் காடு, தனிப் பயணி | தீவுகள், பாங்ஙா விரிகுடா |
| மணி | சிங்கப்பூர் நேரமே | சிங்கப்பூர் நேரமே | ஒரு மணி பின்னால் |

## பினாங்கு: பணத்தைச் சேமியுங்கள், நடங்கள்

சுவெட்டன்ஹாம் துறையில் கப்பல் கட்டப்படுகிறது. வாசலைத் தாண்டினால் வாடகைக் கார்க்காரர்கள் ‘சிட்டி டூர், சிட்டி டூர்’ என்று அட்டையை நீட்டுவார்கள். புன்னகையோடு கடந்துவிடுங்கள். எதிரிலேயே விக்டோரியா அரசியின் நினைவு மணிக்கூண்டு நிற்கிறது. அவர் ஆட்சியின் அறுபது ஆண்டுக்கு ஓர் ஆண்டுக்கு ஓர் அடி வீதம் 60 அடி உயரம். பக்கத்தில் கார்ன்வாலிஸ் கோட்டை. பினாங்கில் ஆங்கிலேயர் குடியேற்றத்தை நிறுவிய பிரான்சிஸ் லைட் 1786-இல் வந்திறங்கியது அந்தப் பகுதியில்தான். இதற்கெல்லாம் பேருந்தும் வழிகாட்டியும் தேவையே இல்லை.

அங்கிருந்து பத்து நிமிட நடையில் லிட்டில் இந்தியா வந்துவிடும். வீதியில் நுழைந்ததுமே பாட்டுச் சத்தமும் மல்லிகை வாசனையும் எதிர்கொள்ளும். லெபோ குவீன் என்னும் குவீன் தெருவில் மகா மாரியம்மன் கோயில் இருக்கிறது. 1833-இல் கட்டப்பட்டது. கோபுரம் பெரிதல்ல. ஆனால் கடைகளுக்கு நடுவே திடீரென்று தலைதூக்கும்போது, கடல் தாண்டிக் கூலிக்கு வந்தவர்களும் வாணிபத்துக்கு வந்தவர்களும் முதலில் தேடியது ஒரு தெய்வத்தின் நிழலைத்தான் என்பது நெஞ்சில் படும். நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள். காலையில் இறங்குகிறவர்கள் கோயிலை முதலில் வைத்துக்கொள்ளுங்கள். மதியம் வந்து இரவில் கிளம்பும் கப்பலில் வருபவர்கள் மாலைக்கு ஒதுக்குங்கள்.

இன்னும் சில நிமிடம் நடந்தால் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். தமிழ் முஸ்லிம்களின் தலைவராயிருந்த காதர் முகைதீன் எழுப்பியது. அதே வீதியில் சீனர்களின் குவான் யின் கோயில். இவை எல்லாம் சேர்ந்த ஜார்ஜ் டவுனை 2008-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. பிறகு ஆர்மீனியன் தெருவின் சுவரோவியங்களைப் பார்த்துவிட்டு, கடலுக்குள் மரத்தூண்களில் நிற்கும், சீனர்களான சியூ குலத்தவரின் குடியிருப்புக்குப் போகலாம். பலகைப் பாதையில் நடக்கும்போது இடுக்கு வழியாகக் கீழே தண்ணீர் தெரியும். இரண்டு பக்கமும் மக்கள் வாழும் வீடுகள். வாசலில் செருப்பு, கொடியில் துணி. படம் எடுக்கும் ஆசையில் யார் வீட்டுக்குள்ளும் எட்டிப் பார்க்காதீர்கள். முழுச் சுற்றுக்கும் மூன்று மணி நேரம் போதும். சாப்பாட்டுக்கு வாழையிலைச் சாப்பாடு, சோற்றோடு பலவகைக் குழம்புகளை ஊற்றித் தரும் நாசி கண்டார் இரண்டுமே அதே வட்டாரத்தில் கிடைக்கும்.

நடை கைகொடுக்காத இடங்கள் இரண்டு. ஒன்று, ஏறக்குறைய 800 மீட்டர் உயரமுள்ள பினாங்கு மலை. அங்குள்ள தமிழர்கள் அதைக் கொடிமலை என்பார்கள். மலையேறும் ரயில் வேகமானது. ஆனால் வார இறுதியிலும் பள்ளி விடுமுறையிலும் அடிவாரத்தில் வரிசை நீளும். மேலே போகும்போது மட்டுமல்ல, இறங்கும்போதும் வரிசை உண்டு என்பதை மறந்துதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். உங்கள் கப்பல் சனி, ஞாயிறில் வந்தால் மலைக்குக் கப்பல் சுற்றுலாவில் போவதே நிம்மதி. வார நாளென்றால் கிராப் போதும்.

இன்னொன்று தண்ணீர்மலை முருகன் கோயில். 513 படிகள். காரில் இருபது நிமிடத்துக்குள் அடிவாரம் போய்விடலாம். கப்பல் சுற்றுலாப் பட்டியலில் பெரும்பாலும் இந்தக் கோயில் இருப்பதில்லை, அதனால் இதைச் சொந்தமாகத்தான் பார்க்க வேண்டும். அம்மா கீழேயே உட்கார்ந்து கையெடுத்துக் கும்பிட்டார், நானும் பிள்ளைகளும் ஏறினோம். பாதிப்படியில் திரும்பிப் பார்த்தால் ஊரும் அதற்கப்பால் கடலும் தெரியும். தைப்பூசத்தையொட்டிக் கப்பல் வருமானால் ஒரு எச்சரிக்கை: வெள்ளிரத ஊர்வலத்துக்காகச் சாலைகளை மூடுவார்கள். அந்த நாள்களில் காரை நம்பாதீர்கள். நடந்துபோய் ஊர்வலத்தைப் பார்ப்பதே பெரும்பேறு.

## லங்காவி: வண்டியில்லாமல் ஒன்றும் நடக்காது

லங்காவியில் கப்பல்துறை தீவின் தென்மேற்கு முனையில் தஞ்சோங் மாலாயில் இருக்கிறது. இறங்கினால் துறையும் சாலையும் மட்டும்தான். குவா நகரம் தீவின் மறுகோடியில். நடந்து போய்ப் பார்க்க எதுவும் இல்லை, பொதுப் பேருந்தை நம்பித் திட்டமிடவும் முடியாது. ஆகவே போட்டி வாடகைக் காருக்கும் கப்பல் சுற்றுலாவுக்கும் மட்டும்தான். மூன்று மணி, நான்கு மணி என்று நேரக் கணக்கில் கார் பேசிக்கொள்ளலாம். நான்கு பேர் என்றால் காரை எடுங்கள்.

பார்க்க வேண்டியவை இரண்டு. வடமேற்கே மச்சின்சாங் மலைக்குப் போகும் கம்பிவட ஊர்தியும், உச்சியில் வளைந்து தொங்கும் 125 மீட்டர் நீள ஆகாயப் பாலமும் ஒன்று. வடகிழக்கே கிலிம் அலையாத்திக் காட்டில் படகுச் சவாரி இன்னொன்று. இரண்டும் தீவின் வெவ்வேறு மூலையில் இருக்கின்றன. ஒரே நாளில் இரண்டையும் முடித்துவிடுகிறோம் என்று சொல்லும் எவரையும் நம்பாதீர்கள். முடிப்பார்கள், ஆனால் உங்களுக்கு நினைவில் நிற்பது காரின் பின்னிருக்கை மட்டும்தான்.

எதைத் தேர்வது? கப்பல் கரையை நெருங்கும்போது மேல்தளத்துக்குப் போய் வடமேற்கே பாருங்கள். மலையுச்சி தெளிவாகத் தெரிந்தால் ஊர்திக்குப் போங்கள். உச்சி மேகத்துக்குள் ஒளிந்திருந்தால் மேலே போய் வெள்ளைத் திரையைத்தான் பார்ப்பீர்கள். பலத்த காற்றிலும் இடியிலும் ஊர்தியை நிறுத்தியும் விடுவார்கள். அந்த நாளில் கிலிமுக்குத் திரும்பிவிடலாம். கப்பல் சுற்றுலாவில் முன்கூட்டியே பணம் கட்டியவருக்கு இந்த வாய்ப்பு இல்லை. லங்காவியில் நான் காரை விரும்புவதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

கிலிமில் சுண்ணாம்புப் பாறைகளுக்கு இடையே படகு நுழையும்போது தலைக்கு மேல் செம்பருந்துகள் வட்டமிடும். நாம் கருடன் என்று கன்னத்தில் போட்டுக்கொள்ளும் அதே பறவை. தீவின் பெயரே அதிலிருந்து வந்தது என்பார்கள். படகோட்டிகள் சிலர் பயணிகளை மகிழ்விக்கக் கோழித்தோலைத் தண்ணீரில் வீசுவதுண்டு. வேட்டையாடும் பறவையைப் பிச்சையெடுக்கப் பழக்கும் வேலை அது. வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். சொன்னால் கேட்டுக்கொள்கிறார்கள். படகுக் கட்டணம் படகுக்கு என்பதால், தனியாகவோ இருவராகவோ போகிறவர்களுக்குக் கிலிமைப் பொறுத்தவரை கப்பல் சுற்றுலாவே மலிவாக முடியலாம்.

லங்காவி 1987 முதல் தீர்வையில்லாத் தீவு. சாக்லேட் வாங்க அது போதுமான காரணம், அரை நாளைக் கடைகளில் கழிக்கப் போதாது.

## புக்கெட்: படகும் கடிகாரமும்

புக்கெட்டில் இரண்டு விதமாகக் கப்பல் நிற்கும். பல பயணங்களில் மேற்கே பாத்தோங் கடற்கரைக்கு எதிரே நங்கூரம் பாய்ச்சும். சிலவற்றில், முக்கியமாக அலை அதிகமான மாதங்களில், தென்கிழக்கே மாக்காம் விரிகுடாவின் ஆழ்கடல் துறையில் கட்டும். உங்கள் பயணத்துக்கு எது என்று முன்பதிவின்போதே கேளுங்கள். விடை எதுவோ அதைப் பொறுத்துத் திட்டமே மாறும். ஆழ்கடல் துறையென்றால் புக்கெட் பழைய நகரம் பக்கம். பாத்தோங்கிலிருந்து என்றால் மலைச்சாலையைத் தாண்ட வேண்டும், நெரிசலில் ஒரு மணி நேரம்கூட ஆகும்.

பாத்தோங்கில் கரைசேர டெண்டர் என்னும் சிறு படகில் மாற வேண்டும். அதற்கும் வரிசை எண் உண்டு. கப்பல் சுற்றுலாவுக்குப் பணம் கட்டியவர்களை முதலில் அனுப்புவார்கள். மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். மாற்றும் இடத்தை நேரில் பார்த்தால்தான் புரியும். கப்பலின் பக்கவாட்டில் தண்ணீர் மட்டத்தில் ஒரு மேடை. படகு அதை ஒட்டி நின்றாலும், அலைக்கு ஒரு முழம் ஏறி ஒரு முழம் இறங்கும். இரண்டு பணியாளர்கள் முழங்கைக்குக் கீழே கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, படகு மேலெழும் நொடியில் ‘இப்போது’ என்பார்கள். அந்த நொடியில் காலெடுத்து வைக்க வேண்டும். அம்மா ஒரு கணம் தயங்கினார். படகு இறங்கிவிட்டது. மறுபடி எழும்வரை அவர்கள் கையை விடவில்லை. பத்திரமாகத்தான் இறங்கினார். ஆனால் திரும்பும்போதும் இதையே செய்ய வேண்டும் என்ற நினைப்பு அன்று முழுவதும் அவர் முகத்தில் இருந்தது. முழங்கால் வலி உள்ளவர்கள், சக்கர நாற்காலியில் இருப்பவர்கள், கைக்குழந்தையோடு வருபவர்கள் இந்த ஒரு நிறுத்தத்தில் கப்பலிலேயே இருக்கலாம். அம்மாவோடு மறுபடி போனால் நானும் அவரோடு இருந்துவிடுவேன்.

அடுத்தது கடிகாரம். தாய்லாந்து நேரம் சிங்கப்பூரைவிட ஒரு மணி பின்னால். கப்பல் தன் கடிகாரத்தை மாற்றுமா என்பது கப்பலுக்குக் கப்பல் வேறுபடும். ஆனால் உங்கள் கைப்பேசி கரை இறங்கியதும் தானாக மாறிவிடும். என் முதல் பயணத்தில், எங்கள் மேசையில் சாப்பிட்ட தம்பதி கடற்கரையில் நிதானமாக இளநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். கைப்பேசியில் மணி 3:10. ‘இன்னும் ஒரு மணிக்கு மேல் இருக்கிறதே’ என்றார் கணவர். என் கையில் பழைய முள் கடிகாரம் 4:10 காட்டியது. கடைசிப் படகு கப்பல் நேரத்தில் 4:30-க்கு. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மணலில் அவர்கள் ஓடியது இன்றும் கண்முன் நிற்கிறது. ஏறிவிட்டார்கள். கையில் கட்டும் சாதாரணக் கடிகாரம் ஒன்றைக் கப்பல் நேரத்துக்கு வைத்து எடுத்துச் செல்லுங்கள்.

இந்த இரண்டையும் கணக்கில் எடுத்தால் முடிவு எளிது. பாங்ஙா விரிகுடா, பீபீ தீவுகள் என்று தொலைவுக்குப் போக ஆசையென்றால் கப்பல் சுற்றுலாவில் மட்டும் போங்கள். இந்தத் தீவுகளுக்குச் சாலைப் பயணத்துக்குப் பிறகு இன்னொரு படகும் ஏற வேண்டும். எங்கே ஓர் இடறல் வந்தாலும் கப்பல் போய்விடும். பழைய நகரமோ சாலோங் புத்த விகாரையோ மட்டும் என்றால் நால்வர் சேர்ந்து கார் பேசலாம். புக்கெட்டில் வாடகை மலேசியாவைவிட அதிகம். ஏறுவதற்கு முன் போகவும் வரவும் சேர்த்துப் பேசிவிடுங்கள். கடற்கரை மட்டும் போதும் என்பவர்களுக்குச் செலவே இல்லை, படகிலிருந்து இறங்கினால் மணல்தான்.

ஆனால் மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் அந்தமான் கடல் கொந்தளிக்கும். சிவப்புக் கொடி நட்டிருந்தால் முழங்காலளவு தண்ணீரிலும் இறங்காதீர்கள். கீழே இழுக்கும் நீரோட்டம் மேலே தெரியாது. நவம்பர் முதல் ஏப்ரல் வரை பயணம் வைத்துக்கொள்வது எல்லா வகையிலும் நல்லது.

சைவ உணவுக்காரர்களுக்கு ஒரு சொல்: ‘ஜே’. மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்தில் எழுதி வைத்திருக்கும் கடைகளில் மீன் சாஸும் முட்டையும் சேர்க்க மாட்டார்கள். பூண்டு, வெங்காயம்கூட இருக்காது. மற்ற இடங்களில் ‘வெஜிடேரியன்’ என்று சொன்னாலும் மீன் சாஸ் விழுந்துவிடக்கூடும்.

## கப்பலேறுவதற்கு முன் பார்க்க வேண்டிய தாள்கள்

இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் பலர் தவறவிடும் செய்தி ஒன்று உண்டு. கப்பல் சிங்கப்பூருக்குத் திரும்பும்போது அது புதிய நுழைவாகவே கணக்காகும். உங்கள் சிங்கப்பூர் விசா பலமுறை நுழைய அனுமதிப்பதாகவும், திரும்பும் நாளில் செல்லுபடியாகக்கூடியதாகவும் இருக்க வேண்டும். வருகை அட்டையையும் மறுபடி நிரப்ப வேண்டும். மலேசியா, தாய்லாந்து விதிகள் அண்மை ஆண்டுகளில் அடிக்கடி மாறியிருப்பதால், நண்பர் சொன்னார் என்று விட்டுவிடாமல் அரசுத் தளத்தில் பாருங்கள். கரையில் இறங்கவே போவதில்லை என்றாலும் விசா கேட்கும் கப்பல்கள் உண்டு. அதாவது, ‘வழி 4’-க்கும் தாள் வேண்டும்.

மலேசிய ரிங்கிட், தாய்லாந்து பாட் பணமும் கொஞ்சம் சிங்கப்பூரிலேயே மாற்றிக்கொள்ளுங்கள். துறைமுக வாசலில் மாற்றினால் நட்டம்தான்.

## கப்பலைத் தவறவிட்டால்?

சொந்தமாகச் சுற்றுகிறவர்கள் இதையும் செலவுக் கணக்கில் எழுதிவிட வேண்டும். கப்பல் போய்விட்டால் அடுத்த துறைமுகத்துக்கோ சிங்கப்பூருக்கோ போய்ச்சேரும் செலவு முழுக்க உங்களுடையது. பினாங்கிலிருந்து சிங்கப்பூருக்கு விமானத்தில் ஒன்றரை மணி நேரம், புக்கெட்டிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள். தூரம் பெரிதல்ல, ஆனால் அன்றைக்கே வாங்கும் டிக்கெட்டின் விலை நான்கு பேருக்கு என்றால் கப்பல் சுற்றுலாவைத் தவிர்த்து மிச்சம் பிடித்ததையெல்லாம் விழுங்கிவிடும். பயணக் காப்பீடு எடுக்கும்போது கப்பலைத் தவறவிடுவதற்கு இழப்பீடு உண்டா என்று கேளுங்கள்.

பயணிகள் வந்துசேரவில்லை என்று தெரிந்தால், கப்பல் பணியாளர்கள் கேபினில் கடவுச்சீட்டு இருக்கிறதா என்று தேடி எடுத்து, துறைமுகத்தில் கப்பலின் முகவரிடம் கொடுத்துவிட்டுப் போவது வழக்கம். அதனால் கரையில் தவிக்க நேர்ந்தால் முதலில் தேட வேண்டியவர் அந்த முகவர். அவருடைய தொலைபேசி எண் முந்தைய இரவு கேபினுக்கு வரும் நிகழ்ச்சித்தாளில் அச்சாகியிருக்கும். கைப்பேசியில் படமெடுத்துக்கொள்வதோடு நிறுத்தாமல், அந்த எண்ணையும் கப்பலேறும் கடைசி நேரத்தையும் ஒரு துண்டுத்தாளில் எழுதி, கடவுச்சீட்டின் நகலோடு சேர்த்து ஒவ்வொருவர் பையிலும் வைத்துவிட்டு இறங்குங்கள். குழந்தையின் பையிலும்.